ஒன்று இரண்டாகும் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

லேத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பவனுக்கு உயிரியல் கட்டுரை எதுக்கு என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பத்தாம் வகுப்போடு தவளையையும் செம்பருத்தியையும் தலைமுழுகிவிட்டு வந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன வருஷம் என் சித்திக்கு மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. "வலிக்கவே இல்லையே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு பார்த்தால் புற்றுநோய் என்றார்கள். பத்தாவது படிக்கும் சித்தி மகள் புத்தகத்தோடு வந்து நின்றாள். "அண்ணே, செல் பிரியறதாலதான் நாம வளர்றோம்னு இதுல போட்டிருக்கு. அம்மாவுக்குச் செல் பிரிஞ்சதாலதான் இப்படி ஆச்சுங்கறாங்க. எதுண்ணே சரி?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று புரட்ட ஆரம்பித்த பாடம்தான் இது.

முதலில் செல் எவ்வளவு பெரிசு? நம் வொர்க்‌ஷாப் மைக்ரோமீட்டரில் ஒரு பிரிவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். இரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான்தான். ஒரு கோட்டைக்கூட எட்டாது. உடம்பின் மற்ற பல செல்கள் ஒன்று, இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். அதற்குள்தான் வெளியே சவ்வு, உள்ளே சைட்டோபிளாசம், சக்தி தயாரிக்க மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்ய ரைபோசோம், வரைபடங்களைப் பூட்டி வைக்க உட்கரு எல்லாம். வரைபடம் என்றால் டி.என்.ஏ. ஒரே ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர்! அது 46 குரோமோசோம்களாகப் பிரித்துச் சுருட்டப்பட்டிருக்கிறது. (இந்த 46-ஐச் சரியாக எண்ணியதே 1956-ல்தான். அதுவரை விஞ்ஞானிகளே 48 என்று நம்பியிருந்தார்கள். ஆகவே வைவாவில் தப்பாகச் சொன்னால் ரொம்ப வருத்தப்படாதீர்கள்.)

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை உருப்பெருக்கியில் பார்த்து 'செல்' என்று பேர் வைத்தார். அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான். ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும் என்று விர்ச்சோ 1850-களில் அடித்துச் சொன்னார். எப்படி வருகிறது என்பதை ஃபிளெமிங் என்ற ஜெர்மானியர் சாலமாண்டர் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து, 1882-ல் புத்தகமாகப் போட்டார். 'மைட்டாசிஸ்' என்பது அவர் வைத்த பேர்.

இனி பிரிவுக்கு வருவோம். ஆய்வகக் குப்பியில் வேகமாகப் பெருகும் மனித செல் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம். இதில் நாம் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்த புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் நான்கும் சேர்ந்து சுமார் 1 மணி நேரம்தான்! மீதி 23 மணி நேரமும் வளர்வதும் தயாராவதும். இதில் 8 மணி நேரம் போல டி.என்.ஏ.வை ஜெராக்ஸ் எடுப்பதற்கே போகிறது. சுமார் 600 கோடி எழுத்துகள். நகல் எடுத்ததும் குரோமோசோம்கள் இறுகித் தடித்து நடுவில் வரிசையாக நிற்கும். இரண்டு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் வந்து பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பிரதியாக இழுத்துப் போகும். செல் நடுவில் இறுகி இரண்டாகும். (முட்டை, விந்து செல்களுக்காக 46 பாதியாகி 23 ஆகும் குன்றல் பிரிவு வேறு கதை.)

நம் ஃபிட்டிங் ஷாப்பில் ஜாப்பை கேஜ் வைத்துப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்கு விடுவார்களா? செல்லும் விடாது. டி.என்.ஏ. பழுதாகியிருந்தால் பி53 என்ற புரதம் வேலையை நிறுத்தும். சரி செய்ய முடிந்தால் பிறகு ஓட விடும்; முடியாவிட்டால் அந்தச் செல்லைத் தானே சாகும்படி செய்யும். அடுத்து, 46-ல் ஒரே ஒரு குரோமோசோமை இழை சரியாகப் பிடிக்காவிட்டாலும் இழுக்கும் வேலை தொடங்காமல் காத்திருக்கும். இப்படிச் செல் சுழற்சியை ஓட்டும், நிறுத்தும் ஏற்பாடுகளைக் கண்டறிந்ததற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இன்ஸ்பெக்டர்களே கெட்டுப்போனால்? மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது. தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: "ரெண்டுமே சரிதான்மா. பிரியறது கோளாறு இல்ல, நிக்கச் சொன்னா நிக்காததுதான் கோளாறு."

இப்போது அந்த எட்டு மாதத்துக்கு வருகிறேன். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 10 தடவை இரட்டித்தால் 1,024. 20 தடவையில் 10 லட்சம். எடை ஒரு மில்லிகிராம் போலத்தான், யார் கைக்கும் தட்டுப்படாது. 30 தடவையில் 100 கோடி, சுமார் ஒரு கன சென்டிமீட்டர். அப்போதுதான் விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆனால் அங்கிருந்து இன்னும் 10 தடவை போனால் கணக்குப்படி 1 கிலோ! செல்கள் நடுவே சாவதும் உண்டு என்பதால் நிஜத்தில் இவ்வளவு சீராக நடக்காது. ஆனாலும் கட்டி கைக்குத் தெரிகிறபோது முக்கால் தூரம் முடிந்துவிட்டது என்பது கணக்கு. வலிக்கவில்லை என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

சித்திக்கு ஆபரேஷன் முடிந்து ஊசி மருந்து ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி, நித்யகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடி என்றார். அதாங்க, ஊர்ப்பக்கம் சுடுகாட்டு மல்லி என்போமே, அது. பாட்டி சொன்னதில் பாதி உண்மை. கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று அந்தச் செடியைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணு குறைந்தது. அந்தத் தடத்தில் 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியின் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. இது கதிர்கோல் இழையைக் கட்டவே விடாது. இழை இல்லையென்றால் பிரிவு அங்கேயே நிற்கும், செல் சாகும். ஆனால் மூட்டை மூட்டையாக இலையிலிருந்து துளியூண்டு பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுகிற விஷம் அது. கஷாயத்தில் அளவேது? டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றார்.

சித்திக்குக் கொடுத்தவற்றில் ஒன்று பேக்ளிடாக்சல். முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டுபிடித்தது. இது நேர் எதிர்: கட்டிய இழையைக் கழற்ற விடாது. போல்ட்டை மாட்ட விடாவிட்டாலும் மெஷின் நிற்கும், கழற்ற விடாவிட்டாலும் நிற்கும் இல்லையா! கஷ்டம் என்னவென்றால், இந்த மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் தெரியாது. வேகமாகப் பிரிகிற எதுவாக இருந்தாலும் அடிபடும். முடியின் வேர்க்கால், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அந்த ரகம். முடி கொட்டியது, வாய் புண்ணானது, பிளட் கவுண்ட் பார்க்காமல் அடுத்த ஊசி போடமாட்டோம் என்றது எல்லாம் இதனால்தான். காரணம் தெரியாதவரை சித்தி தினமும் தலையணையைப் பார்த்து அழுதாள். தங்கை நோட்டில் படம் போட்டு விளக்கிய பிறகு, "அப்ப மருந்து வேலை செய்யுதுங்கறே?" என்று கேட்டாள். முடி கொட்டுவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஸ்கேனில்தான் தெரியும். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மருந்து முடிந்து ஐந்து மாதமாகிறது. முடி முளைத்துவிட்டது, முன்பு இல்லாத சுருட்டையாக. அடுத்த செக்கப் வருகிற மாதம்.