லாட்ஜில் அறை எடுக்கும் முன்

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்று. அங்கிருந்து ஒரு கணவனும் மனைவியும் தில்லிக்குப் புறப்பட்டார்கள். கணவனுக்கு எய்ம்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற வேண்டும். கையில் இருந்தது அளவான பணம். மனைவி எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். தமிழ் படிப்பார். இந்தி தெரியாது.

சென்னையில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். சுமார் 2,180 கிலோமீட்டர் பயணம். மூன்றாம் நாள் காலையில் புது தில்லி நிலையத்தில் இறங்கினார்கள்.

இந்த நிலையத்தின் ஒரு பக்கம் அஜ்மேரி கேட். அங்கே மெட்ரோ ரயில் இருக்கிறது. வேறு ரயில் மாறாமல் எய்ம்ஸ் போகலாம். மறுபக்கம் பஹார்கஞ்ச். 'பஹார்' என்றால் மலை. 'கஞ்ச்' என்றால் சந்தை. முகலாயர் காலத்தில் இங்கே தானியச் சந்தை நடந்தது. இன்று சந்துக்குச் சந்து லாட்ஜுகள். வாடகை குறைவு. அதனால் பல மாநில மக்கள் இங்கே வந்து தங்குகிறார்கள்.

வாசலில் வரும் ஆள்

நிலைய வாசலில் ஒருவர் ஓடி வருவார். பெட்டியில் கை வைப்பார். "நீங்கள் தேடும் லாட்ஜை மூடிவிட்டார்கள். நான் நல்ல இடம் காட்டுகிறேன்" என்பார். இவர் தரகர். இவருக்குக் கொடுக்கும் கமிஷனும் வாடகையில்தான் சேரும். பேச்சுக் கொடுக்காமல் நடப்பதே நல்லது. போகும் லாட்ஜின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊரிலேயே எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அறை, பிறகு பணம்

"கம்ரா திகாயியே" என்றால் 'அறையைக் காட்டுங்கள்' என்று பொருள். அறையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? ஜன்னல் திறக்கிறதா? கழிப்பறை சுத்தமா? எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வாடகையை எழுதி வாங்குதல்

"கிராயா கித்னா?" என்று மனைவி கேட்டார். 'வாடகை எவ்வளவு?' என்று பொருள். மேலாளர் சொன்ன பதில் புரியவில்லை. மனைவி நோட்டையும் பேனாவையும் நீட்டினார். மேலாளர் 800 என்று எழுதினார். எழுத்து ஊருக்கு ஊர் மாறும். ஆனால் 1, 2, 3 என்ற எண்களை எல்லா ஊரிலும் படிக்கலாம்.

வாடகைக்கு மேல் வரி உண்டா என்றும் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். இது 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 800 ரூபாய்க்கு வரி 40 ரூபாய். வரிக்குப் பதிவு செய்த லாட்ஜ்தான் இதை வாங்கலாம். அதன் ரசீதில் 15 இலக்கம் கொண்ட பதிவு எண் இருக்கும்.

நாள் எப்போது முடிகிறது?

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சில லாட்ஜுகளில் 24 மணி நேரம் ஒரு நாள். சில லாட்ஜுகளில் பகல் 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும்.

திங்கள் காலை 7 மணிக்கு ஒருவர் அறை எடுக்கிறார். செவ்வாய் காலை 6 மணிக்குக் காலி செய்கிறார். முதல் வகை லாட்ஜில் ஒரு நாள் வாடகை, 800 ரூபாய். இரண்டாவது வகையில் திங்கள் பகல் 12 மணிக்கே ஒரு நாள் முடிந்துவிடும். அதனால் இரண்டு நாள் வாடகை, 1,600 ரூபாய் கேட்பார்கள். அறை ஒன்றுதான். தங்கிய நேரமும் ஒன்றுதான். கேட்காமல் விட்டால் 800 ரூபாய் நட்டம்.

பதிவேடும் ஆதாரும்

லாட்ஜில் பதிவேடு இருக்கும். பெயர், முகவரி, வந்த தேதி, நேரம் எழுத வேண்டும். தேதியும் நேரமும் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். தமிழிலேயே போடலாம். அடையாள அட்டையின் நகலைக் கேட்பார்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதார் நகலும் உண்டு. அதைக் கொடுப்பது பாதுகாப்பு. அசல் அட்டையைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

படிக்கட்டு எங்கே?

பஹார்கஞ்சுக்கு அருகில் கரோல் பாக் என்ற பகுதி உள்ளது. அங்கே ஓர் ஓட்டலில் 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் தீப்பிடித்தது. 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் தூங்கும் நேரம் அது.

எனவே அறைக்குப் போனதும் படிக்கட்டு எங்கே என்று பார்க்க வேண்டும். நடந்தும் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது. புகை இருந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, தரையோடு குனிந்து வெளியேற வேண்டும்.

ரசீது

கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். இந்தியிலும் அது 'ரசீத்'தான். கூடுதலாகப் பணம் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அவசரத்துக்கு 112.

அந்தக் கணவனும் மனைவியும் மூன்று நாள் தங்கினார்கள். கணக்கு முடிக்கும்போது மேலாளர் நான்கு நாள் என்றார். மனைவி நோட்டைத் திறந்தார். 800 என்ற எண் இருந்தது. வந்த தேதியும் நேரமும் இருந்தன. '24' என்று மேலாளர் எழுதியதும் இருந்தது. மேலாளர் பேசாமல் மூன்று நாள் வாடகை வாங்கிக்கொண்டார். மிச்சமான 800 ரூபாய் மருந்துக்கு உதவியது.