வீட்டிலேயே வியாபாரமா?

தாய்மார்களே! அன்னாசிக்குப் பேர்போன நம் பெக்கான் நானாஸில், வீட்டிலிருந்தே முறுக்கும் அன்னாசி ஜாமும் செய்து விற்க ஆசையா? நல்ல காரியம்தான். ஆனால், பெரிய அடுப்பு வாங்குமுன் மூன்று கேள்விகள்.

வீடு யாருடையது? தோட்டத்து வீடானால் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

நிலம் எதற்கானது? 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் விவசாயம், கட்டடம், தொழிற்சாலை என நிலத்தைப் பிரிக்கிறது. சொந்த வீடானால் கிராண்டைப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டைக் கடையாக மாற்ற, 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

லைசென்ஸ் உண்டா? பொந்தியான் நகராண்மைக் கழகத்தில் விசாரியுங்கள். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் அலுவலகத்தில் பதியுங்கள். சமைப்பவர் டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சீட்டுப் பணத்தில் வாங்கிய அடுப்பு பறிபோன பின் அழுது என்ன பயன்? முதலில் கேளுங்கள், பிறகு மாவு பிசையுங்கள்!