கோடை வெப்பத்தைச் சேமிக்கும் குளம்

டென்மார்க்கின் தெற்கே ஏரோ தீவில் உள்ள சிறிய துறைமுக ஊர் மார்ஸ்டல். அங்கே குடிநீர் போலவே வெப்பமும் தெருக்குழாய் வழியாக வீடுகளுக்கு வருகிறது. ஊருக்கெல்லாம் பொதுவான வெப்பக் கட்டமைப்பு அந்நாட்டுக்குப் புதிதல்ல. 1903இலேயே ஃபிரடெரிக்ஸ்பெர்க்கில் குப்பை எரித்த வெப்பம் குழாய்களில் மருத்துவமனைக்குப் போயிற்று. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1979இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. இன்று நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு இத்தகைய குழாய்களோடு இணைந்தவை.

எஃகுக் குழாய், அதைச் சுற்றி நுரைக் காப்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. இப்படி இரண்டு குழாய்கள் மண்ணுக்கடியில் ஓடும். ஒன்றில் சூடான நீர் வரும், மற்றொன்றில் ஆறிய நீர் திரும்பும். வீட்டிலுள்ள வெப்ப மாற்றியில் வெப்பம் மட்டும் கைமாறும். தெருக்குழாய் நீர் குளியலறைக்கு வராது.

சூடாக்குவது எதுவானாலும் குழாய்க்குக் கவலையில்லை. மார்ஸ்டலில் 1996 முதல் சூரியன் அந்த வேலையைப் பார்க்கிறது. மரச்சில்லுக் கொதிகலனும் துணைக்கு உண்டு. சிக்கல் காலத்தில்தான்: வெயில் கோடையில், தேவை குளிரில். ஆகவே 2012இல் வெயிலை வாங்கிச் சூடேறும் தகடுகளின் பரப்பு சுமார் 33,000 சதுர மீட்டருக்கு, அதாவது எட்டு ஏக்கருக்கு, விரிந்தபோது 75,000 கன மீட்டர் கொள்ளும் குளமும் வெட்டப்பட்டது. ஏழரைக் கோடி லிட்டர்!

தொட்டி கட்டுவதைவிடக் குழி வெட்டுவது மலிவு. குழியில் பிளாஸ்டிக் விரிப்பு. நீரின்மேல் மிதக்கும், காப்பிட்ட மூடி. பக்கங்களுக்குக் காப்பில்லாதது வியப்பளிக்கலாம். ஆனால் டம்ளர் வெந்நீர் சீக்கிரம் ஆறும், அண்டா வெந்நீர் நெடுநேரம் தாங்கும். கொள்ளளவு பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகுவதில்லை. குளம் அந்த அண்டாவின் பேருருவம். தனி வீடு எதுவும் இப்படியொன்றை வைத்துக்கொள்ள முடியாது; ஊர்க் குழாய் இருப்பதால்தான் இது சாத்தியம்.

சூடான நீர் இலேசானது, மேலே நிற்கும். குளிர்ந்தது அடியில் தங்கும். இந்த அடுக்கு கலையாதபடி வெவ்வேறு ஆழங்களில் நீர் மெல்ல விடப்படுகிறது. குளிர்காலம் முதிரும்போது நீர் வெதுவெதுப்பாகிவிடும். அப்போது, பிரிட்ஜ் இயங்கும் அதே முறையில் ஒரு வெப்பப் பம்பு எஞ்சிய வெப்பத்தையும் உறிஞ்சி, வேண்டிய சூட்டுக்கு உயர்த்திக் குழாய்க்குத் தருகிறது. குளம் இப்படி ஆறிப்போவதில் ஓர் ஆதாயமும் உண்டு: வசந்தத்தில் தகடுகளுக்குள் ஓடும் திரவம் குளிர்ந்திருந்தால் அவை காற்றில் இழக்கும் வெப்பம் குறைவு.