ஆய்வகச் சிறுநீரகம்: அறிவியல் உண்மை, விற்பனை பொய்

“ஸ்டெம் செல் ஊசி போட்டால் கிட்னி பழையபடி வேலை செய்யும்” என்று விளம்பரம் வந்தால், டயாலிசிஸுக்கு அலைந்து ஓய்ந்த குடும்பம் நகையை அடகு வைத்தாவது பணம் புரட்டத்தான் பார்க்கும். பெரம்பலூர், அரியலூர் மக்கள் பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை இவை.

எது உண்மை?

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2007இல் மனிதத் தோல் செல்லை, பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். அத்தகைய செல்களிலிருந்து 2015இல் மெலிசா லிட்டில் தலைமையிலான ஆஸ்திரேலியக் குழு சிறுநீரகத் திசுவை வளர்த்தது. ‘ஆர்கனாய்டு’ எனப்படும் இதன் அளவு சில மில்லிமீட்டர்தான். கருவிலுள்ள சிசுவின் சிறுநீரகம் அளவுக்கே முதிர்ச்சி. சொந்த ரத்த ஓட்டமோ சிறுநீர் வெளியேறும் பாதையோ கிடையாது. நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. அந்த வேலையை இந்தத் துளித் திசு செய்யாது. மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கவும் பரம்பரை நோய்களை ஆராயவும் உதவுகிறது. நோயாளிக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

என்ன ஆபத்து?

தாய்லாந்தின் தனியார் கிளினிக் ஒன்றில், லூபஸ் நோயால் சிறுநீரகம் பழுதான பெண்ணுக்கு அவருடைய ஸ்டெம் செல்களையே சிறுநீரகத்தில் செலுத்தினார்கள். செலுத்திய இடத்தில் கட்டிகள் வளர்ந்தன. பின்னர் அவர் இறந்தார். 2010இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது.

உங்கள் உரிமைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் ஆராய்ச்சியே. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே நடத்தலாம்; நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பரிசோதனையால் பாதிப்பு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

ஏமாந்தால்?

ரசீது, விளம்பரம், மருத்துவச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும், மருத்துவமனை மீது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். பணம் சென்னையில் கட்டியிருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

கிட்னியை விற்கவோ வாங்கவோ அழைக்கும் தரகர் பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனை விவகாரத்தில், 2025இல் பெரம்பலூர், திருச்சி தனியார் மருத்துவமனைகள் இரண்டின் சிறுநீரக மாற்று உரிமம் பறிபோனது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் சிறுநீரக மாற்று அறுவைக்கும் வழியிருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

ஸ்டெம் செல் என்று யார் வந்தாலும், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தராமல் பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.