ஆராய்ந்த பின் பேசுவோம்!



இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் நான்கு பேர் அமர்ந்தால், அங்கே பெரும்பாலும் நடைபெறுவது அரசியல் பேச்சுதான். எந்த அரசு என்ன சட்டம் கொண்டு வந்தது, எந்த நீதிமன்றம் எதை நிறுத்தி வைத்தது, இதனால் நமக்கு லாபமா நஷ்டமா என்று பேச்சு நீளும். இதை வீண் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் சட்டங்கள் நமது பிள்ளைகளின் படிப்பையும் பிழைப்பையும் நேரடியாகத் தொடுகின்றன. அவற்றை அறிந்துகொள்வதும் விவாதிப்பதும் சமுதாய அக்கறையின் அடையாளமே ஆகும். ஆனால் அந்த விவாதம் எதன்மீது நிற்கிறது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். இவ்விஷயத்தில் முதலில் தவறியவன் நானே என்பதால், என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

என் நாவிலிருந்து வந்த ஒரு வார்த்தை

2023ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், "முஸ்லிம்களின் இடஒதுக்கீடு ரத்து" என்ற செய்தி எங்கும் பேசப்பட்டது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் எமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். தினக்கூலிக்கு உழைப்பவர். அவருடைய மகள் அப்போது பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஹஜ்ரத், நமக்கு இருந்த இடஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்களாமே, உண்மையா?" என்று கேட்டார்.

நானும் செய்தித்தாளில் தலைப்பை மட்டுமே பார்த்திருந்தேன். ஆயினும், "ஆமாம் பாய், செய்தி அப்படித்தான் வருகிறது. அல்லாஹ்தான் நம்மைப் பாதுகாக்க வேண்டும்" என்று கூறிவிட்டு என் வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டேன்.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. அந்தப் பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். ஆனால் அவளுக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்கப்படவில்லை. இடஒதுக்கீடே இல்லை என்றான பிறகு அந்தத் தாளுக்காக ஏன் இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும் என்று தந்தை விட்டுவிட்டார். பொதுப்பிரிவில் விண்ணப்பித்த அவளுக்கு அரசுக் கல்லூரியில் அவள் விரும்பிய பாடம் கிடைக்கவில்லை. அதே பாடத்தில், அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற பக்கத்துத் தெரு மாணவி பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் பிரிவில் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகே விஷயம் விளங்கியது. ரத்து என்று அறிவிக்கப்பட்டது கர்நாடகத்தில்! தமிழகத்தின் இடஒதுக்கீட்டை யாரும் தொடவே இல்லை.

அந்தத் தந்தை என்னைக் குறை கூறவில்லை. "நஸீபு அவ்வளவுதான் ஹஜ்ரத்" என்றார். நஸீபின் மீது நானும் ஈமான் கொண்டவனே. ஆனால் நான் ஆராயாமல் கூறிய வார்த்தையை நஸீபின் பின்னால் மறைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

உண்மையில் நடந்தது என்ன?

கர்நாடகத்தில் முஸ்லிம்களுக்கு 2பி என்ற பிரிவின் கீழ் 4 சதவீத இடஒதுக்கீடு இருந்து வந்தது. 2023 மார்ச்சில் அப்போதைய மாநில அரசு அதை நீக்கி, ஒக்கலிகர், லிங்காயத்து சமூகங்களுக்குத் தலா 2 சதவீதமாகப் பங்கிட முடிவெடுத்தது. முஸ்லிம்கள் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதத்தில் போட்டியிடலாம் என்று கூறப்பட்டது. ஏப்ரலில் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தபோது, அம்முடிவின்படி உடனடியாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று அம்மாநில அரசின் தரப்பில் உறுதியளிக்கப்பட்டது. ஆக, அந்தச் செய்தி கர்நாடகத்திற்கு மட்டும் உரியதாக இருந்தது. அங்கேயும் அது உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை.

ஒரு மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்தைக் கட்டுப்படுத்தாதது ஏன்? சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசியல் சட்டத்தின் 15(4)ஆம் பிரிவும், அரசுப் பணியில் இடம் ஒதுக்க 16(4)ஆம் பிரிவும் அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கின்றன. மாநில அளவில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை அந்தந்த மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்பதை 2021இல் நிறைவேறிய 105ஆவது திருத்தம் மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆகவே பெங்களூரில் எடுக்கப்படும் முடிவு சென்னையின் பட்டியலை மாற்றாது.

நமது 3.5 சதவீதத்தின் விவரம்

தமிழகத்தில் மொத்த இடஒதுக்கீடு 69 சதவீதம். அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்பது கணக்கு. நீதிபதி ஜனார்த்தனம் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, 2007 செப்டம்பரில் அவசரச் சட்டம் ஒன்று வந்தது. பின்னர் அது சட்டமன்றத்தில் சட்டமாயிற்று. அதன்படி, பிற்படுத்தப்பட்டோரின் 30 சதவீதத்திற்குள்ளிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 எனத் தனியே பிரித்து வழங்கப்பட்டது. 200 இடங்கள் இருந்தால் அவற்றில் 7 இடங்கள் நமக்கு உரியவை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இதற்காகப் பிறருடைய பங்கிலிருந்து புதிதாக எதுவும் எடுக்கப்படவில்லை. தமிழக முஸ்லிம்களில் பல பிரிவினர் அதற்கு முன்பே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தவர்கள். அவர்களின் பங்கு உள்ளேயே தனியாக வரையறுக்கப்பட்டது.

இரண்டாவது, முஸ்லிம் என்ற பெயர் இருந்தால் மட்டும் இது கிடைத்துவிடாது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைகள், தக்கானி, மாப்பிளா, அன்சார், ஷேக், சையத், தூதேகுலா எனப் பட்டியலில் உள்ள பிரிவினருக்கே இது உரியது. "மதத்தின் பெயரால் சலுகையா?" என்று மாற்று மதச் சகோதரர் கேட்டால், அவரிடம் கோபப்படத் தேவையில்லை. இப்பட்டியலை அவருக்கு எடுத்துக்காட்டினாலே போதும். "இஸ்லாத்தில் ஏது சாதி? அந்தச் சான்றிதழ் நமக்கு எதற்கு?" என்று நம்மவர்களில் சிலர் கேட்பதுண்டு. மார்க்கத்தில் எவரும் பிறப்பால் உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ இல்லை என்பதில் ஐயமில்லை. அந்தச் சான்றிதழ் ஒருவரின் உயர்வு தாழ்வைக் கூறுவதற்கானதன்று. எந்தப் பிரிவினர் கல்வியிலும் வேலையிலும் பின்தங்கியுள்ளனர் என்ற அரசின் கணக்கிற்கானதாகும்.

மாநில அரசின் இந்த 3.5 சதவீதம் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் பணிகளுக்கும் பொருந்தாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தில்தான் நாம் போட்டியிட வேண்டும். அதற்கான சான்றிதழ் வேறு. வசதி படைத்தவர்களை விலக்கும் நிபந்தனையும் அதில் உண்டு. ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றொன்று தேவையில்லை என்று இருந்துவிடுவோரும் நம்மில் உள்ளனர்.

மூன்று கேள்விகள்

அரசின் கொள்கை பற்றிய எந்தச் செய்தி வந்தாலும், அதைப் பிறரிடம் கூறும் முன் மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.

ஒன்று, இது எந்த அரசின் முடிவு? மத்திய அரசா, நமது மாநிலமா, வேறு மாநிலமா?

இரண்டு, இது எந்த நிலையில் இருக்கிறது? மேடையில் கூறப்பட்ட வாக்குறுதியா, அமைச்சரவை முடிவா, மசோதாவா, நிறைவேறிய சட்டமா? நீதிமன்றச் செய்தி என்றால் இடைக்கால ஆணையா, இறுதித் தீர்ப்பா? ஆந்திராவில் 2007இல் கொண்டுவரப்பட்ட 4 சதவீத ஒதுக்கீட்டை 2010 பிப்ரவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையின் மூலம் அது தொடர அனுமதித்தது. முதல் செய்தியை மட்டும் கேட்டவர் நம்பிக்கையைக் கைவிட்டிருப்பார். இரண்டாவதை மட்டும் கேட்டவர் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணியிருப்பார். இருவரும் தவறியிருப்பார்கள்.

மூன்று, இது யாருக்குப் பொருந்தும்? எந்தப் பிரிவினர், எந்தப் படிப்பு, எந்தப் பணி, எந்த ஆண்டு முதல்?

இம்மூன்றுக்கும் விடை தெரியாதபோது, "எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறுவதே அறிவுடைமை. அன்று நான் அந்தச் சகோதரரிடம் கூறியிருக்க வேண்டிய பதில் அதுதான்.

மார்க்கம் காட்டும் வழி

செய்தி வந்தால் தெளிவாக விசாரிக்குமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாகாதிருக்குமாறும் ஹுஜராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தில் அல்லாஹுதஆலா நம்மை எச்சரிக்கிறான். இவ்வசனம் இறங்கிய பின்னணியாகத் தஃப்ஸீர்களில் கூறப்படும் நிகழ்ச்சி கவனிக்கத்தக்கது. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர், தம்மை நோக்கி வந்த கூட்டத்தைக் கண்டு அஞ்சித் திரும்பிவிட்டார். அவர்கள் ஜகாத் தர மறுத்துவிட்டார்கள் என்றும் அறிவித்தார். அவர்கள்மீது படை செல்லும் அளவிற்கு நிலைமை முற்றியது. விசாரித்தபோது, அவர்கள் வரவேற்கவே வந்தார்கள் என்பது தெரியவந்தது. அதுவும் ஆட்சி தொடர்பான, பொதுப்பணம் தொடர்பான செய்திதான்! கொண்டு வந்தவரும் அந்தப் பணிக்கென அனுப்பப்பட்டவர்தான். அதற்கே விசாரணை தேவைப்பட்டது என்றால், பலர் கைமாறி நம்மிடம் வரும் செய்திக்கு எவ்வளவு தேவை!

கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துரைப்பவனைப் பொய்யனின் நிலையில் வைத்து எச்சரிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இடம்பெற்றுள்ளது. அவன் பொய்யை உருவாக்கியவன் அல்லன். ஆராயாமல் கடத்தியவன் மட்டுமே. நான் செய்ததும் அதுவே.

விவாதம் எப்படி நடைபெற வேண்டும் என்பதற்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நல்லதோர் உதாரணம் உண்டு. ஷாம் நாட்டிற்குச் செல்லும் வழியில், ஸர்கு என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியுள்ள செய்தி அவர்களுக்கு எட்டியது. முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளிடம் ஆலோசித்தார்கள், அங்கும் வேறுபட்டது. குறைஷிகளின் மூத்தவர்கள் திரும்பிவிடுவதே நல்லது என்றார்கள். அதன்படி முடிவெடுக்கப்பட்டபோது, அபூ உபைதா (ரலி) அவர்கள், விதியை விட்டு ஓடுவதா என்று ஆட்சேபித்தார்கள். விலகுவதும் அல்லாஹ்வின் விதிக்கு உட்பட்டதே என்று, மேய்ச்சல் நிலத்தை உதாரணமாகக் காட்டி உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். அப்போது அங்கே இல்லாதிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, இது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட ஹதீஸை எடுத்துரைத்தார்கள். விவாதம் அத்துடன் முடிந்தது.

கலீஃபாவின் முடிவையே ஒருவர் எதிர்த்துக் கேட்டார். அவருக்குக் கோபத்தால் அன்று, காரணத்தால் பதில் கிடைத்தது. இறுதியில் ஆதாரம் வைத்திருந்தவரின் வார்த்தைக்கு அனைவரும் இடமளித்தார்கள். நமது திண்ணையிலோ, உரத்த குரல் உடையவரே வென்றவராகிறார். ஆதாரம் வைத்திருப்பவர் பெரும்பாலும் மௌனமாக எழுந்து சென்றுவிடுகிறார்.

கணக்கைப் பார்த்து முடிவெடுத்தவர்கள்

2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிறிஸ்தவச் சமுதாயத்திற்கும் 3.5 சதவீதம் வழங்கப்பட்டதைக் கண்டோம். நடைமுறைக்கு வந்த பின், தனிப்பங்கைவிடப் பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலேயே தங்களுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்து வந்தன என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். தங்களுக்கென அளிக்கப்பட்டதை வேண்டாம் என்று அவர்களின் தலைவர்கள் அரசிடம் கேட்டுக்கொள்ள, 2008இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கிடைத்த பெயரைவிடக் கிடைக்கும் பலனைப் பார்த்தார்கள். நமக்குரிய 3.5 சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் முழுமையாக நிரப்பப்படுகிறதா என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் அளித்தால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமையாகும். ஓராண்டு முழுவதும் திண்ணையில் விவாதிப்பதைவிட அந்த ஒரு தாள் அதிக உண்மையைக் கொண்டு வரும்.

எமது மஹல்லாவில் இப்போது ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். 2023இல் நடந்ததை, அந்தக் குடும்பத்தின் பெயரைக் கூறாமல், ஜும்ஆ மேடையிலேயே நான் ஒப்புக்கொண்டேன். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலேயே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளின் பட்டியலை ஜமாஅத் நிர்வாகிகள் எடுக்கிறார்கள். சான்றிதழ் இல்லாதவர்களை இளைஞர்கள் இ-சேவை மையத்திற்கு அழைத்துச் செல்கிறார்கள். இடஒதுக்கீடு தொடர்பான அரசாணையின் நகல் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கிறது. யாரேனும், "ரத்தாகிவிட்டதாமே?" என்று கேட்டால், முதலில் அந்தக் கோப்பைத்தான் எடுக்கிறோம்.

சகோதரர்களே! அந்தப் பிள்ளை வேறொரு பாடத்தை எடுத்துப் படித்தாள். அவளுடைய தந்தை இன்றும் முதல் வரிசையில் நின்று எனக்குப் பின்னால் தொழுகிறார். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போதெல்லாம் அவர் முகம் எனக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. நமக்கு அது ஒரு செய்தி. கேட்பவருக்கு அது அவருடைய பிள்ளையின் வாழ்க்கையாக இருக்கக்கூடும்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாத்து, அறிந்ததைப் பேசவும், அறியாததை அறிந்தோரிடம் கேட்கவும், நம்மை எதிர்ப்பவரிடமும் நீதியுடன் நடந்துகொள்ளவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.