பிள்ளை வரும் முன்னே வீடு தயாராகட்டும்



பிறர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. தாயை இழந்த பிள்ளையைப் பாட்டி ஏந்திக்கொண்டதும், யாருமற்ற பிள்ளையைப் பக்கத்து லயத்து அக்காள் தன் பிள்ளையோடு சேர்த்துச் சோறூட்டியதும் நாம் கண்டவைதான். "நாலோடு ஐந்தாக வளரட்டும்" என்று சொன்ன அந்த மனம் பெரிது. ஆனால், மனம் மட்டும் போதாது.

அத்தகைய பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க வரும்போதுதான் சிக்கல் தெரிகிறது. "பிறப்புப் பத்திரம் எங்கே? நீங்கள் பிள்ளைக்கு என்ன உறவு?" என்று கேட்டால், வளர்த்தவர் விழிக்கிறார். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போதும் அதே கேள்விதான். அன்பாக வளர்த்த பிள்ளை, ஒரு காகிதம் இல்லாததால் வாசலிலேயே நிற்கலாமா?

ஆகவே, பிள்ளை வரும் முன்னே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வீட்டார் சம்மதம். கணவன் மனைவி மட்டும் பேசி முடிவு செய்யாதீர்கள். மாமியாரைக் கேளுங்கள், சொந்தப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பாயிலும் தட்டிலும் பங்கு கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே! விடியற்காலையில் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? பள்ளிச் செலவு, மருந்துச் செலவு சம்பளத்தில் அடங்குமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சட்டம். 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, பிறர் பிள்ளையைத் தம் பொறுப்பில் எடுப்பவரும் கொடுப்பவரும் ஒரு வாரத்திற்குள் சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உறவுப் பிள்ளையானாலும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கைவிடப்பட்ட பிள்ளையை, தகுதியுள்ளவர் என்று இலாகா கண்ட வளர்ப்புப் பெற்றோரிடம் இரண்டு ஆண்டுகள் வரை ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இது வளர்ப்பு மட்டுமே, தத்து ஆகாது.

தத்தெடுப்பதற்குத் தீபகற்ப மலேசியாவில் 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு உள்ளன. பதினெட்டு வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளை இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் உங்களிடம் வளர்ந்திருந்தால், தேசியப் பதிவு இலாகாவில் தத்தைப் பதிய மனுச் செய்யலாம். முஸ்லிம் அல்லாதோர் நீதிமன்றத்தின் வழியாகவும் தத்தெடுக்கலாம். அதற்குப் பிள்ளை மூன்று மாதமாவது உங்களிடம் இருந்திருக்க வேண்டும்.

யாராவது பணம் கேட்டுப் பிள்ளை தர முன்வந்தால் விலகிவிடுங்கள்; அது குற்றம். பிறர் பெற்ற பிள்ளையைத் தாம் பெற்றதாகப் பொய்யாகப் பதிவதும் குற்றமே. அந்தப் பொய்யின் பாரத்தைப் பின்னாளில் சுமக்கப் போவது பிள்ளைதான். சந்தேகம் இருந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

மூன்றாவது, பிள்ளையின் மனம். வருகிற பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. துக்கத்தையும் பயத்தையும் சுமந்து வருகிறது. பாயை நனைக்கலாம், சோற்றை ஒளித்து வைக்கலாம், பேசாமலே இருக்கலாம். அடித்துத் திருத்த நினைக்காதீர்கள். "சொன்னபடி கேட்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற சொல் விளையாட்டுக்கும் உங்கள் வாயில் வரக்கூடாது. ஏற்கெனவே ஒருமுறை வீட்டை இழந்த பிள்ளைக்கு அதைவிடக் கொடிய சொல் வேறில்லை.

பெற்ற தாயைப் பிள்ளையின் காதுபட ஏசாதீர்கள். அவள் படம் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிள்ளை கேட்டால் வயதுக்கேற்ற வார்த்தையில் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் குழாயடியில் யாராவது சொல்லிவிடுவார்கள். வளர்ப்புக்கு வந்த பிள்ளை ஒருநாள் பெற்றவரிடமே திரும்பவும் நேரலாம். அன்று வாழ்த்தி அனுப்பும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.

இத்தனையும் யோசித்த பிறகும் "எங்கள் வீட்டில் இடமுண்டு" என்று சொல்ல முடிகிறதா? தயங்காமல் இலாகாவின் படியேறுங்கள். ஒரு பிள்ளைக்கு நீங்கள் சோற்றோடு பெயரையும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.