ஓட்டக்காரர் கடிகாரம்: 600 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

சிகாகோ மாரத்தானில் ஓடியவர்களின் கடிகாரப் பதிவைப் பார்த்தால் சிரிப்பு வரும். நகர மையத்தில் அவர்கள் ஓடிய கோடு தெருவை விட்டு விலகி, கட்டடங்களுக்குள் புகுந்து, சில சமயம் ஆற்றிலும் இறங்கியிருக்கும். வேகக் கணக்கும் தாறுமாறு.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத்தான் கடிகாரம் தூரத்தைக் கணிக்கிறது. அந்த நேரத்தில் மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். வானளாவிய கட்டடங்களின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்த சிக்னல் சுற்றிக்கொண்டு தாமதமாக வருகிறது, கடிகாரம் ஏமாந்துபோகிறது.

விலையுயர்ந்த கடிகாரம் தன் காசுக்கு வேலை செய்வது இங்கேதான். கார்மின் நிறுவனம் 2023இல் 600 டாலருக்கு வெளியிட்ட ஃபோர்ரன்னர் 965, வழக்கமான 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸையும் கேட்கிறது. நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று இந்த இரண்டாவது சிக்னலில் பிரித்தறிவது சுலபம். கோடு பெரும்பாலும் தெருவிலேயே நிற்கிறது. சுரங்கப்பாதைக்குள் மட்டும் எந்த விலைக் கடிகாரத்துக்கும் வானம் தெரியாது; கைவீச்சை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

எடை 53 கிராம். சாதாரண ஜிபிஎஸ்ஸில் 31 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். இரண்டு அலைவரிசையையும் கேட்கவிட்டால் அவ்வளவு தாங்காது. போன் சிக்னலே இல்லாத மலைப்பாதையில் உள்ளேயே இருக்கும் வரைபடம் பெரிய துணை. ஆனால் பளபளக்கும் அமோலெட் திரை எனக்கு அவ்வளவு அவசியமாகப் படவில்லை. வெயிலில் தானாகவே தெளிவாகத் தெரிந்த பழைய பாணித் திரையை விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பலவீனம் கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பச்சை விளக்கைத் தோலில் அடித்து, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து இதயத் துடிப்பை எண்ணும் சென்சார் அது. கடிகாரம் தளர்ந்து ஆடினால், துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். நிதானமாக ஓடுகிறவருக்குத் துடிப்பு 170 என்று காட்டும். உண்மையில் அது நிமிடத்துக்கு அவர் வைக்கும் அடிகள். இந்த எண்ணை நம்பித்தான் ஆக்சிஜன் திறன், இன்று பயிற்சிக்குத் தயாரா, எத்தனை மணி நேரம் ஓய்வு என்று அடுத்தடுத்த மதிப்பீடுகளைக் கடிகாரம் அடுக்குகிறது. முதல் எண் தவறினால் எல்லாமே தவறும். மார்பில் கட்டும் பட்டை இதில் எவ்வளவோ மேல், 200 டாலர் கடிகாரத்தோடும் அது இணையும்.

பூங்காவிலும் கடற்கரைச் சாலையிலும் ஓடுகிறவருக்கு அந்த ஜோடியே போதும். மலையேறி இரவு முழுக்க ஓடுகிறவர் 600 டாலர் கொடுக்கலாம். பட்டையை அவரும் வாங்கத்தான் வேண்டும்.